ரூ.2,500 டூல் கிட் பெட்டி: பிரித்துப் பார்த்தால்

ஆன்லைனில் ரூ.2,000 முதல் 2,500 வரை விற்கும் டூல் கிட் பெட்டிகள் எல்லாம் ஒரே ஜாடைதான். பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) வைத்த இம்பாக்ட் ட்ரில், சுற்றிலும் சுத்தியல், கட்டிங் பிளேயர், ஸ்பானர், டேப், ரசமட்டம், பிட்டுகள். மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் மாறும். 'நூற்றுச் சொச்சம் உருப்படி' என்கிற கணக்கில் பாதிக்கு மேல் சுவரில் அடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கும் அதற்கான திருகும்தான். அவற்றை எந்த ஹார்டுவேர் கடையிலும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். கழித்தால் மிஞ்சுவது ஒரு ட்ரில், பத்துப் பன்னிரண்டு கைக்கருவிகள். அந்த மிச்சத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதே விலையில் தனியாக விற்கும் நான்கு அங்குல கிரைண்டரையும் '48 வோல்ட்' பேட்டரி ட்ரில்லையும் சேர்த்தே பார்த்துவிடலாம். தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடித்த இடங்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

ட்ரில்லின் உடம்பில் 850 வாட் என்று அச்சடித்திருக்கும். 230 வோல்ட்டில் 850 வாட் என்றால் சுமார் 3.7 ஆம்பியர் இழுக்க வேண்டும். இப்போது வயரைப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. வயர் 3 ஆம்பியருக்கானது. இந்த வாட்டுக்குக் குறைந்தது 0.75 வேண்டும். அளவு வயரின் உறைமேலேயே அச்சாகியிருக்கும். எந்த அச்சும் இல்லாத வழவழ வயர் என்றால் வாட் கணக்கு பொய், அல்லது வயர் சுடும். பெரும்பாலும் முதலாவதுதான் உண்மை. நல்ல கம்பெனியின் 500 வாட் மெஷின் அசராமல் போடுகிற ஓட்டைக்கு இந்த 850 மூச்சு வாங்கும். பிளக் பக்கம் வயர் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நாலு முறை மடக்கினால் உள்ளே இழைகள் முறிந்துவிடும்.

அதே வித்தையை மோட்டாரின் காயிலிலும் காட்டுகிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. அதே தடிமனில் கம்பி சுற்றினால் அந்த அளவுக்குச் சூடு கூடும். இதில் வார்னிஷும் சரியாக ஊறியிருக்காது. கம்பிகள் ஒன்றோடொன்று அதிர்ந்து உரசி எனாமல் போய்விடும். ஒரு நாள் கருகல் வாடை, அத்தோடு ஆர்மேச்சர், அதாவது காயில் சுற்றிய சுழலும் தண்டு, காலி. செம்புக் காயில் என்றால் ரீவைண்டிங் கடையில் கட்டி வாங்கலாம். அலுமினியம் ஈயப்பற்றில் எளிதில் ஒட்டாது என்பதால் கம்யூட்டேட்டரில், அதாவது தண்டின் முனையில் மின்சாரம் ஏறும் செம்புக் கட்டை வளையத்தில், சேர்ப்பது தலைவலி. கட்டுகிற கூலிக்குப் புது மெஷினே வந்துவிடும். கடையில் மெஷினைப் பிரித்துக் காட்டமாட்டார்கள்தான். ஆனால் எடை ஓரளவு காட்டிக்கொடுக்கும். 13 மி.மீ. ட்ரில் ஒன்றரை கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட ரொம்ப லேசாக இருக்கிறது, ஆனால் வாட் மட்டும் ஏகத்துக்கு என்றால் உள்ளே செம்பும் இரும்பும் குறைவு என்று அர்த்தம்.

அடுத்தது ஆட்டம். ஆர்மேச்சரின் இரண்டு முனையிலும் பால் பேரிங் இருக்க வேண்டும். மலிவு மெஷினில் ஒரு முனையில் வெறும் உலோக வளையமான புஷ் போட்டு முடித்துவிடுவார்கள். சுவர்த் தூசி ஏறினால் புஷ் சீக்கிரம் தேயும், ஆர்மேச்சர் சாய்ந்து, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஃபீல்டில் உரசும். அதற்கு முன்பே ஆட்டம் சக்கில் தெரிய ஆரம்பித்துவிடும். கடையிலேயே சோதித்துவிடலாம். புதிதான, நேரான 6 மி.மீ. பிட்டை மாட்டி, வேகத்தை மிகக் குறைத்து ஓடவிட்டு நுனியை மட்டும் பாருங்கள். அசையாத ஒரு புள்ளியாகத் தெரிந்தால் சரி. நுனி இரண்டாகத் தெரிந்தால் சக் மையத்தில் இல்லை, அல்லது ஸ்பிண்டில் கோணல். இதைச் சரிசெய்ய வழியே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படியே சக்கின் வாயை முழுக்கத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் ஒரு திருகுத் தலை தெரிய வேண்டும். அது இடது மரைத் திருகு, ரிவர்ஸில் ஓட்டும்போது சக் கழன்று வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். ரிவர்ஸ் சுவிட்ச் இருந்தும் உள்ளே திருகு இல்லாத மெஷின்கள் விற்பனையில் இருக்கின்றன. சிக்கிய பிட்டை ரிவர்ஸில் எடுக்கப் போனால், பிட் சுவரிலேயே நிற்கும், சக் கழன்றுவிடும்.

பெட்டியோடு வரும் பிட்டுகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வழியில்லை. தங்க நிறத்தில் மின்னும், இரும்பில் ஓட்டை போடுவதற்கான பிட்டுகளில் பல வெறும் கார்பன் ஸ்டீல். மேலே இருப்பது சாயம். கார்பன் ஸ்டீல் 250 டிகிரியைத் தாண்டினாலே பதம் இறங்கி மழுங்கிவிடும். ஹை ஸ்பீட் ஸ்டீல் 600 டிகிரி வரை முனை போகாமல் நிற்கும். இரும்புப் பட்டையில் ஓட்டை போடும்போது முனை நீலம் பாரித்தால் கதை முடிந்தது. சுவர் பிட்டில் இன்னொரு பிரச்சினை. முனையில் பற்றவைத்திருக்கும் கார்பைடு துண்டு உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாகவும் சரியாக நடுவிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளி ஒட்டியிருந்தால் 6 மி.மீ. பிட் போடும் ஓட்டை ஆறரையைத் தாண்டிவிடும். பிளக் உள்ளே லூசாகச் சுழலும். திரைச்சீலைக் கம்பி கையோடு வருவதற்குச் சுவரைத் திட்டிப் பயனில்லை. பற்று சரியில்லாவிட்டால் கார்பைடு துண்டே சுவருக்குள் கழன்று நின்றுவிடும், அதன்பின் அதே இடத்தில் ஓட்டை போடவும் முடியாது. தனியாக வாங்கும் ஒரு நல்ல 6 மி.மீ. சுவர் பிட், பெட்டியில் இருக்கிற அத்தனை பிட்டையும்விட அதிக நாள் உழைக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செங்கல் சுவருக்கு இம்பாக்ட் ட்ரில் போதும். இப்போது கட்டுகிற பல அடுக்குமாடிகளில் செங்கல்லே கிடையாது, அலுமினிய அச்சுக்குள் ஊற்றிய முழுக் கான்கிரீட் சுவர். அதில் எந்த இம்பாக்ட் ட்ரில்லும் திணறும், நல்ல கம்பெனியுடையதும் சேர்த்துத்தான். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. இம்பாக்ட் ட்ரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தாவுகின்றன. 2,800 சுற்றும் 16 பல்லும் என்றால் நிமிடத்துக்கு 44,800 தட்டு. தட்டு நிறைய, ஒவ்வொன்றிலும் வலு இல்லை. ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் அடிதான் அடிக்கும், ஆனால் சிறிய மெஷினிலேயே ஒவ்வொரு அடியும் 2 ஜூலை ஒட்டி இருக்கும். கான்கிரீட்டை உடைப்பது அந்த அடிதான். டூல் கிட் ட்ரில்லைக் கான்கிரீட்டில் வைத்து முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினால், பல்வட்டு தேயும், காயில் சூடேறும், ஓட்டை மட்டும் விழாது. அந்தச் சுவரில் நாலைந்து ஓட்டைதான் தேவை என்றால் அந்த ரோட்டரி ஹேமரை (கடையில் எஸ்டிஎஸ் ஹேமர் என்பார்கள்) நாள் வாடகைக்கு எடுப்பது சிக்கனம்.

கைக்கருவிகளுக்கு வருவோம். எல்லாவற்றின் மேலும் 'குரோம் வனேடியம்' என்ற உறுதியான கலப்பு எஃகின் முத்திரை இருக்கும். அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். நம்பத் தகுந்தது அரம். பட்டறைக்காரர்கள் செய்வதுபோல, நுண்ணிய அரத்தின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியிலோ பிளேயரின் வெட்டும் வாயிலோ மெதுவாக ஒரு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது. வெண்ணெயைச் சீவுவதுபோல் சீவினால் அது பதம் போடாத இரும்பு. பெட்டியில் வரும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இறுகிய திருகில் ஒரு முறை வழுக்கினாலே நுனியின் நாலு சிறகும் உருண்டுவிடும். உருண்ட நுனி அடுத்த திருகின் தலையையும் கெடுக்கும். சில டிரைவர்களில் கைப்பிடிக்குள்ளேயே கம்பி சுழலும். உள்ளே போகும் கம்பியின் அடிப்பகுதியைத் தட்டையாக்கிக் காது வைக்காமல், உருண்டையாகவே சூடான பிளாஸ்டிக்கில் செருகியதன் விளைவு அது. கைப்பிடியை ஒரு கையிலும், நுனியைப் பிளேயரிலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

ஸ்பானரில் பளபளப்புக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்க வேண்டியது வாயளவு. 10 மி.மீ. ஸ்பானரின் வாய் 10-ஐவிடக் கொஞ்சம் அதிகமாக, 10.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 10.4, 10.5 என்று போனால் நட்டின் பக்கங்களைப் பிடிக்காமல் ஆறு மூலைகளை மட்டும் பிடிக்கும். இரண்டு இழுப்பில் மூலைகள் உருண்டு நட்டு மொட்டையாகிவிடும். வெர்னியர் கையில் இல்லாவிட்டால் புது 6 மி.மீ. போல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், அதன் தலை 10 மி.மீ. ஸ்பானருக்கானது. மாட்டி அசைத்தால் லேசாக ஆடலாம், லொடலொடக்கக் கூடாது. முலாம் உரிவதும் சாதாரண விஷயமில்லை. கீழே சுத்தம் செய்யாமல் பூசிய குரோம் பிளேடு மாதிரி செதில் செதிலாக எழும்பி உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் வாய் முழுநீளமும் சேர வேண்டும், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய வயர் வெட்டுப்படாமல் மடங்கும். ஆணி இடத்தில் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், தாடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இதெல்லாம் வேலை கெடுகிற சங்கதி. உயிர் போகிற சங்கதி கைப்பிடி உறை. கலர் பிளாஸ்டிக்கில் தோய்த்தெடுத்த உறை கைக்கு மெத்தென்று இருப்பதற்குத்தான், மின்காப்புக்கு அல்ல. மின்காப்பு உள்ள கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐஇசி 60900 தரம் அதைத்தான் கேட்கிறது. குறி இல்லாத பிளேயரோடு மின்சாரம் ஓடும் வயரைத் தொடவே தொடாதீர்கள், பெட்டியின் படத்தில் எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டு நின்றாலும் சரி.

சுத்தியல் வார்ப்பிரும்பாக இருந்தால் அடிக்கும் முகத்தின் ஓரம் சில்லு சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. பட்டறையில் அடித்துச் செய்த தலை அவ்வளவு எளிதில் தெறிக்காது. வார்ப்பில் இரண்டு பக்கமும் அச்சுக் கோடு தெரியும், பெயின்ட் கெட்டியாக இருப்பதே அதை மறைக்கத்தான்.

டேப்பின் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது ஆடியே தீர வேண்டும், உள்ளளவும் வெளியளவும் சரியாக வருவது அதனால்தான். அதற்கு மேல் ஆடினால்தான் கோளாறு. 5 மீட்டர் டேப்பில் இரண்டாம் வகுப்புத் துல்லியம் என்றால் முழு நீளத்துக்கும் 1.3 மி.மீ. பிழைதான் அனுமதி. ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டில் தலைமாற்றி வையுங்கள். குமிழி மறுபடி நடுவில் நிற்காவிட்டால் அது ரசமட்டம் அல்ல, அலங்காரம். பெட்டியில் வரும் ஒன்பது அங்குல பிளாஸ்டிக் ரசமட்டங்கள் பலவும் இந்தச் சோதனையில் தோற்கும்.

கிரைண்டர் விஷயத்தில் சலுகையே கிடையாது. மற்றவை கெட்டால் வேலை கெடும், இது கெட்டால் முகம் போகும். 100 மி.மீ. வீல் 11,000 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வீல் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. தடுப்பதற்கு இருப்பது கார்டு என்கிற அந்தத் தகடுதான். மலிவு மெஷினில் அது டின் மாதிரி மெல்லிசு, பட்டைத் திருகும் பாதியிலேயே மரை வழுக்கிவிடும். கையால் திருப்பினாலே கார்டு லேசாகச் சுற்றிவிடுகிறது என்றால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வீலைத் தாங்கிப் பிடிக்கும் வட்டான ஃபிளாஞ்சையும் கவனியுங்கள். வீலின் 16 மி.மீ. துளை ஃபிளாஞ்சின் மேட்டில் ஆட்டமின்றி உட்கார வேண்டும். மேடு தேய்ந்தோ சிறுத்தோ இருந்தால் வீல் மையம் விலகி இறுகும், ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் கையில் உதறும். இறுக்கி இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் வீலில் விரிசல் விழும். இன்னொரு விஷயம் ஸ்விட்ச். தள்ளிவிட்டால் 'ஆன்'-லேயே நின்றுவிடும் ஸ்லைடு சுவிட்ச்தான் மலிவு மெஷின்களில் வழக்கம். வேலை நடுவில் கரண்ட் போகிறது, மெஷினைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறோம், கரண்ட் வந்ததும் கிரைண்டர் தானாகச் சுழன்று தரையில் ஓடுகிறது. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக் கூடியது. கைவிட்டால் நின்றுவிடும் பேடில் சுவிட்ச், அல்லது கரண்ட் திரும்பி வந்தாலும் ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் ஓடும் பாதுகாப்பு உள்ள மாடலுக்கு நூறு இருநூறு கூடக் கொடுப்பது வீணில்லை. ஸ்லைடு சுவிட்ச்தான் கையில் இருக்கிறது என்றால் கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இலவசமாகக் கொடுக்கும் கட்டிங் வீலை மாட்ட வேண்டாம். பிசினில் செய்த வீல் மூன்று வருடத்துக்குமேல் நம்பத்தக்கதல்ல. காலாவதி மாதமும் வருடமும் நடுவிலுள்ள உலோக வளையத்தில் அடித்திருக்கும். ஈரத்தில் கிடந்த வீல் என்றால் அதற்குள்ளும் கெட்டுப்போகும். வளையத்தில் தேதி இல்லாவிட்டால், லேபிளில் சுற்று எண்ணிக்கை இல்லாவிட்டால், குப்பைக்குத்தான். மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடையும் கூடவே தருகிறார்கள். நாலு அங்குல கிரைண்டரில் அதை மாட்டுவதுபோல் ஆபத்தான வேலை வேறில்லை. பல் மரத்தில் மாட்டியதும் மெஷின் பின்னுக்கு எகிறி ஆள்மேல் பாயும்.

ஓட விட்டபின் காற்றுத் துளை வழியாக, கம்யூட்டேட்டரில் உரசி மின்சாரம் ஏற்றும் கார்பன் பிரஷ் பக்கம் பாருங்கள். சின்னச் சின்ன நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி ஆரஞ்சு வளையமாக நெருப்பு ஓடினால் பிரஷ் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கிறது, அல்லது கம்யூட்டேட்டர் கட்டைகள் சமமாக இல்லை. பிரஷ் மூடி வெளியிலேயே இருந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அது இல்லாமல் உடம்பைப் பிரித்தால்தான் எடுக்க முடியும் என்ற மாடலைத் தவிர்ப்பது நல்லது.

பேட்டரி ட்ரில்லில் எண்கள்தான் பெரிய ஏமாற்று. 48, 88, 128 என்று உடம்பில் பெரிதாக எழுதி வோல்ட் மாதிரி ஒரு எழுத்தைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கேட்டால் மாடல் நம்பர் என்பார்கள். பேக்கைத் திறந்தால் வழக்கமாக '18650' என்ற அளவில் ஐந்து லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜில் 4.2 வீதம் 21. அவ்வளவுதான். நல்ல கம்பெனிகளும் இதே பேக்கை '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கின்றன, அது விளம்பரக் கணக்கு என்றாலும் பொய் இல்லை. மலிவுப் பேக்கில் செல்லுக்கு 1,300 அல்லது 1,500 மில்லி ஆம்பியர் அவர்தான் இருக்கும். 18 வோல்ட்டில் 1.5 என்றால் மொத்தம் 27 வாட் அவர், வெளியில் 4,000 என்று ஒட்டியிருந்தாலும். செல்களைச் சமப்படுத்தும் போர்டு இல்லாவிட்டால் ஒரு செல் மட்டும் அதிகம் ஏறும், இன்னொன்று அடிமட்டத்துக்கு இறங்கும். சில மாதங்களில் பேக் முழுவதும் போய்விடும். சார்ஜர் வெறும் அடாப்டர் என்றால், முழுதானதும் நிறுத்துமா என்பதே நிச்சயமில்லை. இரவு முழுக்கச் செருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பிளைவுட்டில் திருகு முடுக்க, கட்டில் கழற்றிச் சேர்க்க இந்த ட்ரில் போதும். சுவர் வேலைக்கு வாங்குவது தண்டம். அதே பேக்கைத் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கிடைக்காது என்றால் பேட்டரி செத்த நாளோடு ட்ரில்லும் செத்தது.

பெட்டிக்குப் பதில் என்ன வாங்கலாம்? பெயர் தெரிந்த கம்பெனியின் 500 வாட் இம்பாக்ட் ட்ரில் தனியாக, 6, 8 மி.மீ. சுவர் பிட் தலா ஒன்று, டபாரியா மாதிரி கடைக்காரரே சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் எட்டு அங்குல பிளேயர், அதே தரத்தில் ஒரு ஸ்டார், ஒரு பட்டை டிரைவர், 8–9, 10–11, 12–13 அளவில் மூன்று டபுள் ஸ்பானர். பெட்டி விலையைவிட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூட ஆகும். சென்னைக்காரர்கள் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் பிரித்து, மாட்டி, ஆட்டிப் பார்த்து வாங்கலாம். பிரபலமான பெயர்களுக்குப் போலியும் உண்டு என்பதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெயர் இரும்பிலேயே பதிந்திருக்க வேண்டும், ஸ்டிக்கர் கணக்கில் வராது.

ரப்பர் சுத்தியல், கட்டர் கத்தி, சி கிளாம்ப், ஆணிப் பெட்டி, வயர் பிரஷ் இவற்றை மட்டும் எந்த மலிவுக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சி கிளாம்ப்பில் திருகை முழுக்க ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், நடுவில் எங்கேயாவது மரை பிடிக்கும்.